கிண்ணங்களின் கதை – 6: சொந்த மைதானம் இல்லாத பருவம்

1956 டிசம்பர் 20. பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சின் ஹேசல் மைதானம். ஹங்கேரியின் ஹொன்வெட் கழகமும் ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவும் மோதுகின்றன. அட்டவணையில் இது ஹொன்வெட்டின் சொந்த மைதானத்து ஆட்டம். ஆனால் புடாபெஸ்ட் அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் கிடக்கிறது. அந்த நகரம் சோவியத் தாங்கிகளின் பிடியில் இருக்கிறது.

ஆட்டத்தின் நடுவே ஹொன்வெட்டின் கோல்காப்பாளர் ஃபாராகோ காயப்பட்டு வெளியேறுகிறார். மாற்று வீரரை இறக்கும் வழக்கம் அன்று கிடையாது. இடது ஓரத்தில் பந்தோடு பறக்க வேண்டிய சோல்தான் சிபோர் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நிற்கிறார். மிச்சமிருந்தவர்கள் பின்தங்கிய நிலையிலிருந்து போராடி 3–3 என்று சமன் செய்கிறார்கள். முதல் ஆட்டத்தில் 2–3 என்று தோற்றிருந்ததால் மொத்தக் கணக்கு 5–6. உலகின் மிகச் சிறந்த கழகம் என்று அதுவரை பலரும் ஒப்புக்கொண்டிருந்த அணி, முதற் சுற்றோடு வெளியேறியது.

ஐரோப்பியக் கிண்ணத்தின் இரண்டாவது பருவமான 1956–57ஐ ரியல் மாட்ரிட்டின் இரண்டாவது வெற்றி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது வழக்கம். அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், யார் வென்றார்கள் என்பதைவிட யார் எங்கே ஆடினார்கள் என்பதுதான் கண்ணில் படுகிறது. ஒரு கழகம் அயல் கழகத்தின் மைதானத்தை இரவல் வாங்கியது. இன்னொன்று அந்நிய நாட்டில் தன் "வீட்டு ஆட்டத்தை" ஆடியது. வேறொன்று பொதுவிடத்தில் ஆட வேண்டியதை எதிராளியின் முற்றத்திலேயே ஆடிக் கெட்டது. அதே மாதங்களில், தன் கரையில் யாருடைய கொடி பறப்பது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு துறைமுகம் நம்முடையது. திருகோணமலையை விட்டுவிட்டு அந்தப் பருவத்தை நாம் வாசிக்க முடியாது.

விதிகள் இப்படி இருந்தன

சென்ற அத்தியாயத்தில் பார்த்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் வூல்வர்ஹாம்ப்டன் கழகம் இதே ஹொன்வெட்டை 3–2 என்று வென்றதும், ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு உலகச் சாம்பியன் பட்டத்தையே சூட்டிவிட்டன. அதைப் பொறுக்காத பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் லெக்கிப்பும் அதன் எழுத்தாளர் கபிரியேல் ஹனோவும், அப்படியானால் முறையாகப் போட்டி வைத்துப் பார்ப்போம் என்று கிளம்பினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஐரோப்பியக் கிண்ணம். முதல் பருவம் 1956 ஜூன் 13 அன்று பாரிசில் முடிந்தது. ரீம்ஸ் கழகத்திடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த ரியல் மாட்ரிட், 4–3 என்று வென்றது.

இரண்டாவது பருவத்தில் 22 கழகங்கள். ஒவ்வொரு இணையும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும்: ஒன்று உன் மைதானத்தில், ஒன்று என் மைதானத்தில். இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டினால் அதிகம் உள்ளவர் அடுத்த சுற்றுக்குப் போவார். சமமாக வந்தால் மூன்றாவது ஆட்டம். எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் விதி அப்போது பிறக்கவில்லை. தண்ட உதைகளால் முடிவு காணும் முறையும் கிடையாது. ஜெர்மனியின் டோர்ட்முண்ட், லக்சம்பேர்க்கின் ஸ்போராவை 4–3 என்று வென்று, அடுத்ததில் 1–2 என்று தோற்று, மூன்றாவது ஆட்டத்தில் 7–0 என்று நொறுக்கியது. பருவம் தொடங்கியதே அப்படித்தான்.

அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. ஒவ்வொரு கழகத்துக்கும் தன்னுடையது என்று சொல்ல ஒரு மைதானம் உண்டு, அங்கே யாரும் வந்து போகலாம் என்ற நம்பிக்கை. 1956இன் பிற்பகுதி அதை ஆட்டிப் பார்த்தது.

அந்த ஓகஸ்ட்டில் திருமலை

டோர்ட்முண்ட்காரர்கள் லக்சம்பேர்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஓகஸ்ட் மாதத்தில் திருகோணமலைக்கு ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரலில் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அதற்குப் பதிலாகத் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களிலிருந்து தொண்டர்கள் கால்நடையாகத் திருமலைக்கு யாத்திரை வந்தார்கள். கோரிக்கைகள் நிறைவேற ஓராண்டுக் கெடு விதிக்கப்பட்டது: 1957 ஓகஸ்ட் 20.

கண்டி வீதியால் திருமலைக்குள் நுழைகிறவர்கள் கப்பல்துறையைக் கடந்துதான் வருவார்கள். அன்று அப்படி வந்தவர்களுக்கு முன்னால் விரிந்த துறைமுகம், எந்த இலங்கையருக்கும் சொந்தமானதாக இருக்கவில்லை. நாடு 1948இல் சுதந்திரம் பெற்றாலும், 1947இல் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி கடற்படைத் தளம் பிரித்தானியரிடமே இருந்தது. கிழக்கிந்தியப் பிராந்தியக் கப்பற்படைக்குத் தலைமைத் தளம் இதுதான். கரையில் இருந்த கடற்படை நிலையத்துக்கு எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர் என்று கப்பலைப் போலவே பெயர் வைத்திருந்தார்கள். சீனன்குடாவில் காட்டுக்குள் வரிசை வரிசையாக எண்ணெய்க் குதங்கள். மொத்தம் 101 கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியதை ஊரிலுள்ள நடுத்தர வயதுக்காரர் எல்லாரும் நேரில் அறிந்திருந்தார்கள்.

அந்த யாத்திரைக்கு மூன்று வாரம் முன்பு, 1956 ஜூலை 26 அன்று, எகிப்தின் ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். ஐரோப்பாவையும் இந்து சமுத்திரத்தையும் இணைக்கும் கதவின் திறப்பு கைமாறியது. கதவின் இந்தப் பக்கத்தில் பிரித்தானியருக்கு இருந்த பெரிய தளங்களில் ஒன்று திருகோணமலை. தளங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று பண்டாரநாயக்க அதற்குச் சற்று முன்னர் இலண்டனில் நடந்த பொதுநலவாயப் பிரதமர் மாநாட்டிலேயே பேசியிருந்தார். கொள்கையளவில் சம்மதம் கிடைத்திருந்தது. எப்போது, எப்படி என்பதுதான் பாக்கி.

இரவல் மைதானத்தில் பத்துக் கோல்

இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக் நிர்வாகத்துக்கு இந்தக் கிண்ணம் பிடிக்கவில்லை. அதன் பேச்சைக் கேட்டு முதற் பருவத்தில் செல்சி கழகம் விலகிக்கொண்டது. இரண்டாவது பருவத்தில் முறை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தது. அதிலும் போக வேண்டாம் என்றே லீக்கிலிருந்து அறிவுரை. முகாமையாளர் மட் பஸ்பி கேட்கவில்லை. உலகம் எந்தத் திசையில் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லீக்கின் நிபந்தனை மட்டும் மாறவில்லை: வார நடுவில் எங்கே போய் ஆடினாலும், சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கு நேரத்தோடு திரும்பிவிட வேண்டும். இந்த நிபந்தனையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாட்களில் ஆட்டம் என்றால் இரவில்தான் ஆட வேண்டும். யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் அன்று மின்விளக்குக் கோபுரங்கள் இல்லை. அதே நகரத்துப் பரம வைரியான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோட் மைதானத்தில் இருந்தது. ஆகவே யுனைடெட்டின் முதல் ஐரோப்பிய "வீட்டு" ஆட்டம், எதிரி வீட்டில் நடந்தது.

செப்டம்பர் 12 அன்று பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் கழகத்தை அதன் ஊரிலேயே 2–0 என்று வென்றிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து மெயின் ரோடில் அடித்தது 10–0. டெனிஸ் வயலெட் நான்கு, டொமி டெய்லர் மூன்று, பில்லி வீலன் இரண்டு, ஜானி பெர்ரி ஒன்று. அடுத்த சுற்றில் டோர்ட்முண்டோடு ஆடியபோது அதே இரவல் மைதானத்தில் 75,598 பேர் வந்து குவிந்தார்கள். 3–2 வெற்றி. ஜெர்மனியில் 0–0. அந்த அணியின் சராசரி வயது இருபதுகளின் தொடக்கம். டங்கன் எட்வர்ட்சும், பருவத்தின் நடுவே அறிமுகமான பொபி சார்ல்டனும் அப்போது கட்டாய இராணுவ சேவையில் இருந்தவர்கள். முகாமிலிருந்து விடுப்பு வாங்கி வந்து பந்தாடினார்கள்.

அதே வயதுப் பையன்கள்தான் அதே கட்டாய சேவையில் சூயசுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒக்டோபர் 29 அன்று இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது. இரண்டு நாளில் பிரித்தானிய, பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டன. எச்.எம்.எஸ். நியூஃபவுண்ட்லாந்து என்ற போர்க்கப்பல் சூயஸ் வளைகுடாவில் எகிப்தின் டொமியட் என்ற கப்பலை மூழ்கடித்தது. போர்ட் சயிட் கரையைச் சுட்ட கப்பல்களில் ஒன்றின் பெயர் எச்.எம்.எஸ். சிலோன். நமது நாட்டின் பெயரைத் தாங்கிய கப்பல், நமது அரசு வெளிப்படையாகக் கண்டித்த போரில் குண்டு வீசிக்கொண்டிருந்தது. வேறொருவருக்குத் தளம் கொடுத்தவன், அவர் தொடுக்கும் போரிலும் பங்காளியாகிவிடுகிறான் என்ற பயம் கொழும்பில் வலுத்தது. தளங்கள் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைக்குச் சூயஸ் கொடுத்த வலுவை எந்த மேடைப் பேச்சாலும் கொடுத்திருக்க முடியாது.

எகிப்து கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. சூயஸ் வழியாகக் கொழும்பிலிருந்து இலண்டன் ஏறக்குறைய 6,700 கடல்மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்தாயிரத்தையும் தாண்டும். தேயிலையும் அந்த வழிதான், தபாலும் அந்த வழிதான். பிரித்தானியாவில் டிசம்பர் நடுவிலிருந்து பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது.

ஒரே நாளில் இரண்டு ஆட்டக்களம்

ஒக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் எழுச்சி வெடித்தது. நவம்பர் 4 அன்று சோவியத் படைகள் நகருக்குள் புகுந்து அதை நசுக்கின. ஹொன்வெட் இராணுவத்தின் அணி. அதன் தலைவர் ஃபெரென்ஸ் புஷ்காஷ் பெயரளவில் ஓர் இராணுவ அதிகாரி. அவர் சண்டையில் செத்துவிட்டார் என்றுகூட மேற்கத்தியப் பத்திரிகைகளில் வதந்தி ஏறியது. உண்மையில் அணி நாட்டை விட்டு வெளியே வந்திருந்தது. பில்பாவோவோடு ஆட வேண்டிய ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் அதற்குக் காரணமாயிற்று.

நவம்பர் 22 அன்று பில்பாவோவின் சான் மமேஸ் மைதானத்தில் முதல் ஆட்டம். 2–3 என்று தோல்வி. அதே நவம்பர் 22 அன்றுதான் மெல்பேர்னில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. ஹங்கேரியில் நடந்ததைக் கண்டித்து ஸ்பெயினும் ஒல்லாந்தும் சுவிற்சர்லாந்தும் மெல்பேர்னுக்குப் போகவில்லை. சூயசைக் காரணம் காட்டி எகிப்தும் ஈராக்கும் லெபனானும் போகவில்லை. ஆக, ஹங்கேரிக்காக ஒலிம்பிக்கைப் புறக்கணித்த ஸ்பெயின், ஹங்கேரியின் கழகத்தைத் தன் ஊரில் வரவேற்று ஆடிக்கொண்டிருந்தது.

மெல்பேர்ன் உதைபந்தாட்டப் போட்டியிலிருந்து ஹங்கேரியும் விலகியது. அதன் பலன் கிடைத்தது இந்தியாவுக்கு. முதற் சுற்றில் ஹங்கேரியோடு மோத வேண்டிய இந்தியா ஆடாமலே காலிறுதிக்குப் போனது. அங்கே அவுஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆசியரின் முதல் ஹாட்ரிக் அது. சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் இருந்த அந்த அணியில், பிற்காலத்தில் ஆசியாவின் பெரும் கோல்காப்பாளராகப் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜும் இருந்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காம் இடத்தோடு திரும்பியது. இந்திய உதைபந்தாட்டம் ஒலிம்பிக்கில் அதன் பின் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. புடாபெஸ்ட் தெருச் சண்டையின் தூரத்து விளைவுகளில் அதுவும் ஒன்று.

ஹொன்வெட்டுக்குத்தான் திரும்பிப் போக ஊர் இல்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு பிரசெல்ஸ் இடம் கொடுத்தது. அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதைத் தொடக்கத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு, தாய்நாட்டுச் சங்கமும் உலகச் சம்மேளனமும் தடுத்தும், அணி பிரேசிலுக்குப் போய் ஆடியது. பணம் வேண்டும், குடும்பங்கள் வெளியே வரும்வரை நேரமும் வேண்டும். பின்னர் அணி கலைந்தது. பொசிக் போன்றவர்கள் நாடு திரும்பினார்கள். புஷ்காஷ், கோச்சிஸ், சிபோர் மூவரும் திரும்பவில்லை, தடை வந்தது. 1958இல் புஷ்காஷை ரியல் மாட்ரிட் சேர்த்துக்கொண்டது. மற்ற இருவரும் பார்சிலோனாவுக்குப் போனார்கள். முப்பதைத் தாண்டிய, உடல் பருத்த மனிதர் இனி என்ன ஆடப்போகிறார் என்று கேட்டவர்களுக்கு, 1960 இறுதியாட்டத்தில் தனியாளாக நான்கு கோல் அடித்து அவர் பதில் சொன்னதைப் பின்னொரு அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம்.

விற்கப்பட்ட மூன்றாவது ஆட்டம்

நடப்புச் சாம்பியன் ரியல் மாட்ரிட்டும் அந்த நவம்பரில் தொலையப் பார்த்தது. மாட்ரிட்டில் ராபிட் வியன்னாவை 4–2 என்று வென்றுவிட்டு, வியன்னாவில் 1–3 என்று தோற்றார்கள். வியன்னாவில் மூன்று கோலையும் போட்டவர் எர்ன்ஸ்ட் ஹாப்பெல், பின்வரிசைக்காரர். இடைவேளையிலேயே 3–0. இரண்டாம் பாதியில் ரியலின் டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பியிராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். மொத்தம் 5–5.

எதிரணி மைதானத்துக் கோலுக்கு மதிப்புக் கூட்டும் பிற்கால விதி அன்று இருந்திருந்தால், மாட்ரிட்டில் இரண்டு கோல் அடித்திருந்த ராபிட் போயிருக்கும், ரியல் நின்றிருக்கும். விதி இல்லாததால் மூன்றாவது ஆட்டம். நியாயப்படி அது பொதுவான ஓரிடத்தில் நடக்க வேண்டும். ஆனால் டிசம்பர் 13 அன்று அது நடந்தது மாட்ரிட்டில். பெரிய மைதானம், பெரிய வசூல், அதில் வியன்னாவுக்கும் பங்கு. ரியல் 2–0 என்று வென்றது. ஐரோப்பியக் கிண்ணத்தை முதல் ஐந்து ஆண்டும் தொடர்ந்து வென்ற கழகம் என்று ரியலைப் புகழ்கிறவர்கள், அந்த ஐந்தில் ஒன்று எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதைச் சொல்வதில்லை.

இத்தாலியின் ஃபியோரென்டினாவுக்கும் இப்படியொரு இடமாற்றம் கைகொடுத்தது. ஸ்வீடனின் நோர்ஷேப்பிங்கோடு புளோரன்சில் 1–1. இரண்டாவது ஆட்டம் ஸ்வீடனில் நடக்க வேண்டியது. அங்கே குளிர்காலம் மைதானத்தை மூடிவிட்டதால் ரோமுக்கு மாறியது. ஃபியோரென்டினா 1–0 என்று தப்பியது. இப்படித் தப்பிய இரண்டு கழகங்கள்தான் கடைசியில் இறுதியாட்டத்தில் சந்தித்தன.

பில்பாவோவின் பனி

காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கிடைத்த எதிரி, ஹொன்வெட்டை வீழ்த்திய அதே பில்பாவோ. பாஸ்க் இனத்து ஆட்டக்காரரை மட்டுமே வைத்து ஆடும் கழகம் அது. பாஸ்க் மொழியைப் பொதுவாழ்விலிருந்து ஃபிராங்கோவின் ஆட்சி ஒதுக்கி வைத்திருந்த காலம். சனங்கள் தங்களைத் தாங்களாகக் காட்டிக்கொள்ள மிஞ்சியிருந்த இடங்களில் சான் மமேஸ் மைதானமும் ஒன்று. அந்த ஆண்டில் திருமலையிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1957 ஜனவரி 16. பனியும் சேறும். இடைவேளையில் 3–0 என்று பில்பாவோ முன்னிலை. பிறகு 5–2. ஆட்டம் முடியும் தறுவாயில் வீலன் சேற்றுக்குள் பந்தை இழுத்துக்கொண்டு பாதி மைதானம் ஓடி ஒரு கோல் போட்டார். 5–3. இரண்டு கோல் கடனோடு ஊர் திரும்பலாம் என்ற நிலை.

ஆனால் திரும்புவதே பாடாகிவிட்டது. விமானத்தின் மேல் பனி படிந்து கிடந்தது. சனிக்கிழமை லீக் ஆட்டம் காத்திருக்கிறது, லீக் நிர்வாகம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறது. ஆட்டக்காரர்களே தும்புத்தடியைக் கையில் எடுத்தார்கள். முந்திய நாள் சான் மமேசில் ஆடிய கால்கள் இறக்கையின் மேல் நின்று பனியைக் கூட்டித் தள்ளின. சிரித்துக்கொண்டே படத்துக்கும் நின்றார்கள். விமானம் எழும்பியது, நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெப்ரவரி 6 அன்று மீண்டும் இரவல் மெயின் ரோட். மூன்று கோல் வேண்டும், ஒன்றும் வாங்கக் கூடாது. வயலெட் ஒன்று, டெய்லர் ஒன்று, கடைசி நிமிடங்களில் டெய்லர் ஓரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பந்தில் பெர்ரி ஒன்று. 3–0. மொத்தம் 6–5. ஹொன்வெட்டை எந்தக் கணக்கில் வெளியேற்றியதோ, அதே கணக்கில் பில்பாவோ வெளியேறியது.

வீட்டில் நடந்த இறுதி

அரையிறுதியில் யுனைடெட்டும் ரியலும். ஏப்ரல் 11 அன்று மாட்ரிட்டில் 3–1 என்று ரியல் வென்றது. ஓல்ட் டிராஃபர்டில் அதற்குள் விளக்குகள் ஏறிவிட்டன. ஏப்ரல் 25 அன்று, அந்தப் பருவத்தில் முதன்முறையாக, யுனைடெட் தன் சொந்த மைதானத்தில் ஐரோப்பிய ஆட்டம் ஆடியது. அன்றைக்கென்று கோப்பாவும் ரியாலும் முதற் பாதியிலேயே ரியலுக்கு இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். டெய்லரும் சார்ல்டனும் திருப்பி அடித்து 2–2 ஆக்கினாலும் கணக்கு 5–3 என்று நின்றது. இரவல் மைதானத்தில் ஒன்றையும் தோற்காத அணி, சொந்த வீட்டுக்கு வந்த அன்றே போட்டியிலிருந்து விடைபெற்றது.

இறுதியாட்டம் மே 30 அன்று. அதன் இடம் மாட்ரிட்டின் சாந்தியாகோ பெர்னபேயு மைதானம், அதாவது ரியலின் சொந்த வீடு. 124,000 பேர். ஃபியோரென்டினா எழுபதாவது நிமிடம் நெருங்கும்வரை பூட்டிய கதவாக நின்றது. 69ஆவது நிமிடத்தில் ரியலின் மத்தேயோஸ் வீழ்த்தப்பட்டார். ஓரநடுவர் அதற்கு முன்பே ஓஃப்சைட் என்று கொடியை உயர்த்தியிருந்தார். ஒல்லாந்து நடுவர் லியோ ஹோர்ன் அதைப் பொருட்படுத்தாமல் தண்ட உதை கொடுத்தார். இத்தாலியர் சூழ்ந்துகொண்டு வாதாடினார்கள், பலனில்லை. டி ஸ்டெஃபானோ அடித்தார். சில நிமிடங்களில் ஹென்டோ ஓடிவந்து காப்பாளரின் தலைக்கு மேலால் இரண்டாவதைப் போட்டார். 2–0. கிண்ணத்தை அணித்தலைவர் மிகுவேல் முனோசின் கையில் கொடுத்தவர் ஃபிராங்கோ.

வேறு மைதானமாக இருந்தால் அந்தக் கொடிக்கு மதிப்பிருந்திருக்குமா என்று இத்தாலியர் நெடுங்காலம் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பாதி ஆற்றாமை, பாதி நியாயம்.

துறைமுகம் கைமாறியது

இறுதியாட்டம் முடிந்த எட்டாம் நாள், 1957 ஜூன் 7 அன்று, தளங்களைத் திருப்பித் தருவது பற்றிப் பிரித்தானியாவும் இலங்கையும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. ஒக்டோபர் 15 அன்று திருகோணமலைத் தளத்தில் பிரித்தானியக் கொடி இறங்கியது, இலங்கைக் கொடி ஏறியது. நவம்பரில் கட்டுநாயக்க விமானத் தளமும் வந்தது. பிரித்தானிய விமானப்படை மாலைதீவின் கான் தீவுக்கு நகர்ந்தது. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவு 1958இல் கலைக்கப்பட்டது.

ஊரில் மகிழ்ச்சியும் இருந்தது, கவலையும் இருந்தது. தளத்தை நம்பிச் சம்பளம் வாங்கியவர்கள் அடுத்த மாதம் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. கொழும்புக்குத் துறைமுகம் வீடு திரும்பியது. திருமலைத் தமிழருக்கு, அந்த வீட்டில் தங்களுக்கு எந்த அறை என்ற கேள்வி அப்படியே நின்றது. கெடு முடிய மூன்று வாரம் இருக்கையில், ஜூலை 26 அன்று பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். நாசர் கால்வாயை எடுத்துச் சரியாக ஓராண்டு. அடுத்த ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் கிழிந்தது.

நம் பக்கத்துக் கணக்கு

இதெல்லாம் ஐரோப்பியர் கதை, பழைய கதை என்று தள்ள முடியாது. 2019இல் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் தகுதிச் சுற்றில் சென்னை நகரத்தின் "சென்னையின் எஃப்.சி."யும் கொழும்பு எஃப்.சி.யும் மோதின. பாக்கு நீரிணையின் இரு பக்கத்துக் கழகங்கள். மார்ச் 6 அன்று கொழும்பில் 0–0. மார்ச் 13 அன்று சென்னைக் கழகத்தின் வீட்டு ஆட்டம் நடந்தது குஜராத்தின் அகமதாபாத்தில். ஜேஜே லால்பெக்லுவாவின் ஒரே கோலில் சென்னைக் கழகம் வென்றது. சென்னையில் ஆடியிருந்தால் வந்திருக்கக்கூடிய கூட்டம், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது. குழுச் சுற்றிலும் அதன் வீட்டு ஆட்டங்கள் அகமதாபாத்தில்தான். டாக்காவின் அபாஹனி முதலிடம் பிடிக்க, சென்னைக் கழகம் இரண்டாவதாக வந்து வெளியேறியது.

அதே பருவத்தின் இறுதியாட்டம் வடகொரியாவின் பியோங்யாங்கில் நடக்க வேண்டியது. ஆசியக் கூட்டமைப்பு அதை முதலில் ஷாங்காய்க்கும் பிறகு கோலாலம்பூருக்கும் மாற்றியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய "ஏப்ரல் 25" என்ற வடகொரியக் கழகம், மலேசியாவில் லெபனானின் அல்-அஹெட்டிடம் 0–1 என்று தோற்றது. அந்த வடகொரியக் கழகமும் ஹொன்வெட்டைப் போல ஓர் இராணுவ அணி.

சொந்த மைதானத்தில் ஆடுகிறவனுக்குக் காற்றும் தெரியும், புல்லும் தெரியும், கூட்டமும் துணை நிற்கும் என்பார்கள். 1956–57 காட்டியது அதற்கு முந்திய ஒன்றை. சொந்த மைதானம் இருப்பதற்கே ஓர் அரசு வேண்டும், விளக்குக்குக் காசு வேண்டும், எல்லை திறந்திருக்க வேண்டும். பந்துக்கு இவற்றில் எதுவும் பொருட்டில்லை, ஆனால் போட்டியை நடத்துகிறவர்களுக்கு எல்லாமே பொருட்டு. இரண்டு ஆட்டம், ஆளுக்கொரு வீடு என்று எழுதியிருந்த எளிய விதி, சம உரிமை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. ஹொன்வெட்டுக்கு அது பொருந்தவில்லை. அந்தக் கழகத்தின் நிலையைத் தனியாக எடுத்துப் பார்க்க அன்று யாரிடமும் விதி இருக்கவில்லை. இன்றும் இத்தகைய கழகங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மாற்று மைதானமும் ஓர் அனுதாபமும்தான்.

அடுத்த அத்தியாயம் 1957–58. மட் பஸ்பியின் பையன்கள் மறுபடியும் ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறார்கள். இம்முறை விளக்கு ஏறிய சொந்த மைதானம் இருக்கிறது. காலிறுதியில் பெல்கிரேட்டின் ரெட் ஸ்டாரை வெளியேற்றிவிட்டுத் திரும்பும் விமானம், எண்ணெய் நிரப்ப மூனிக்கில் இறங்குகிறது. ஓடுபாதையில் பனிக்குழம்பு. சனிக்கிழமை லீக் ஆட்டம், லீக்கின் அதே நிபந்தனை. திகதி 1958 பெப்ரவரி 6, பில்பாவோவை மெயின் ரோடில் வென்று சரியாக ஓராண்டு.

(தொடரும்)